முள் இல்லாத தூண்டில்

மாமாவின் மீசை காணாமல் போனது பள்ளி விடுமுறை தொடங்கிய கிழமையில். ஞாயிற்றுக்கிழமை இருந்தது, புதன்கிழமை இல்லை. எங்கே என்று கேட்டேன்.

"வெக்கை, பிள்ளை. அதுதான் எடுத்தனான்" என்றார்.

அன்று ஒஸ்லோவில் பதினான்கு பாகை. வெளியே தூறிக்கொண்டிருந்தது. அவர் குளிர்ச்சட்டை போட்டிருந்தார்.

எனக்கு அப்போது பதினொரு வயது. சந்தேகப்படுவது என் சுபாவம். பள்ளியில் அதற்கு நல்ல பெயரும் வீட்டில் கெட்ட பெயரும் இருந்தன. மாமா அம்மாவின் தம்பி. புருசெத்தில் நாங்கள் இருந்த தொடர்மாடிக்கு இரண்டு கட்டடம் தள்ளி ஓர் அறையில் தனியாக இருந்தார். ஸ்ட்ரோம்மனில் ஓர் உணவகத்தில் பின்னேர வேலை. காலை நேரம் அவருக்குச் சும்மா கிடந்தது. அந்தக் கோடையில் அதை முழுவதுமாக அம்மாவுக்குக் கொடுத்தார்.

அம்மா படுக்கையில் இருந்தார். வயிற்றில் குழந்தை. எனக்குப் பிறகு இரண்டு தங்காமல் போயிருந்தன. இதுவும் ஒரு தடவை பயங்காட்டிவிட்டது. மருத்துவமனையில் ஒரு கிழமை வைத்திருந்துவிட்டு, இயன்றவரை ஓய்வெடுக்கும்படி சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த வாசகத்தை அப்பா தமிழுக்குக் கொண்டுவந்தபோது அது, அசையக் கூடாது, யோசிக்கக் கூடாது, அழக் கூடாது என்று நீண்டிருந்தது. பார்க்க வருகிறவர்களிடம், அவர்கள் வாசலில் குனிந்து சப்பாத்தைக் கழற்றும்போதே, "அதிர்ச்சியான கதையொண்டும் கதைச்சுப்போடாதேங்கோ" என்று சொல்லிவிடுவார். முப்பத்தேழாவது கிழமை வரை தாங்கினால் பயமில்லை. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு தாளை ஒட்டி, ஒவ்வொரு திங்களும் ஒரு கிழமையை வெட்டிக்கொண்டு வந்தார். விடுமுறை தொடங்கியபோது இருபத்தேழு.

மீசை போன அதே கிழமையில் அம்மாவின் கைத்தொலைபேசியும் போனது. கதிர்வீச்சு குழந்தைக்குக் கூடாதாம். அப்பா அதைத் தன்னிடம் வைத்துக்கொண்டார். கிழமைக்கு ஒரு தடவை, தான் பக்கத்தில் இருக்கும்போது, யாழ்ப்பாணத்துக்கு எடுத்து அம்மாவிடம் கொடுப்பார். அங்கே அம்மாவின் தகப்பன், என் அம்மப்பா, பாரிசவாதத்தில் மூன்று வருடமாகப் படுக்கையில் இருந்தார். பேச்சு வராது. முன்பெல்லாம் அம்மா இங்கிருந்து கதைக்க, அவர் அங்கிருந்து 'ம்' என்பார். அம்மாவுக்கு அது போதும். அந்தக் கோடையில் எப்போது எடுத்தாலும் அவர் நித்திரை. காலை பத்துக்கு எடுத்தாலும் நித்திரை, பின்னேரம் மூன்றுக்கு எடுத்தாலும் நித்திரை.

பிறகு கோயில். வெள்ளிக்கிழமைகளில் அம்மாவின் பெயருக்கு அர்ச்சனை செய்ய மாமா என்னைக் காரில் கூட்டிப்போவார். அந்த வெள்ளி அவர் இறங்கவில்லை. கார் நிறுத்த இடமில்லை, அதனால் காரிலேயே இருக்கிறேன் என்றார். கார் அப்போது நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் ஐந்து இடம் காலியாகக் கிடந்தது. அடுத்த வெள்ளியும் அப்படித்தான்.

எனக்கு ஒரு முடிவு கிடைத்தது. எங்கள் மாடிப்படியில் கீழ்வீட்டுத் தமிழ்க் குடும்பம் முந்தின வருடம் வேதத்துக்கு, அதாவது கிறிஸ்தவத்துக்கு, மாறியிருந்தது. அவர்களும் முதலில் கோயிலுக்கு வருவதைத்தான் நிறுத்தினார்கள். மாமாவும் மாறிவிட்டார். அம்மாவுக்கு அதிர்ச்சி என்பதால் மறைக்கிறார்கள். எல்லாம் பொருந்தியது, மீசையைத் தவிர. அதையும் ஒரு விதமாகப் பொருத்திக்கொண்டேன். பள்ளியில் மிஞ்சிய ஒரு பயிற்சிக் கொப்பியின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் திகதி போட்டு எழுதினேன்.

அந்தக் கொப்பியின் முன்பக்கத்தில் மீன்கள் இருந்தன.

அம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சல்மன் பொரிக்கிற மணத்துக்கே வயிற்றைப் புரட்டியது. கடல் மீன் தின்று வளர்ந்த யாழ்ப்பாணத்தார் நன்னீர் மீனை மீன் என்றே ஒப்புக்கொள்வதில்லை. சேற்று மணம் என்பார்கள். அம்மாவும் அப்படிச் சொன்னவர்தான். ஆனால் மாமா ஒருநாள் புருசெத்துக்குப் பின்னால் இருக்கும் காட்டு ஏரியில் நாலு அபோர் பிடித்துவந்து பொரித்துக் கொடுத்தபோது ஒரு கோப்பைச் சோறு சாப்பிட்டார். அபோர் பச்சை முதுகும் கறுப்பு வரிகளும் சிவந்த செட்டையும் உள்ள மீன். சதை வெள்ளை. கொழுப்பு இல்லை.

ஒரு நிபந்தனை இருந்தது. யூர்மூர் என்று இங்கே சொல்லும் மருத்துவச்சி கொடுத்த துண்டுப்பிரசுரத்தில், வயிற்றில் பிள்ளையுள்ளவர்கள் இருபத்தைந்து சென்டிமீட்டருக்கு மேற்பட்ட அபோரைத் தின்னக் கூடாது என்று போட்டிருந்தது. பெரிய மீனில் பாதரசம் சேர்ந்திருக்கும். இதை வாசித்துச் சொன்னது நான். அன்றிலிருந்து என் பள்ளிக்கூட அடிமட்டமும் நானும் மாமாவோடு ஏரிக்குப் போகத் தொடங்கினோம். அளப்பது என் வேலை. சிறியது அம்மாவுக்கு, பெரியது எங்களுக்கு.

மாமாவுக்குத் தூண்டில் போடத் தெரியும், எங்கே போடுவது என்று தெரியாது. நடக்கத் தூரம் குறைவு என்பதற்காக ஆட்கள் குளிக்கிற மணல் கரையில் நின்று போடுவார். முதல் நாலு மீனும் தற்செயலாக அகப்பட்டவை. நான் நூலகத்தில் ஒரு மீன்பிடிப் புத்தகம் எடுத்தேன். நடுக்கோடையில் வெயிலும் அசையாத தண்ணீரும் இருந்தால் அபோர் ஆழத்துக்கு இறங்கிவிடும், கரையில் நின்று பயனில்லை என்று அதில் இருந்தது. விடியற்காலை நல்லது. முகில் போட்ட நாள் அதைவிட நல்லது. மெல்லிய காற்று எந்தக் கரையை நோக்கி அடிக்கிறதோ அந்தக் கரையில் நிற்க வேண்டும், ஏனென்றால் சின்னக் குஞ்சு மீன்கள் அங்கே ஒதுங்கும், அபோர் கூட்டமாக அவற்றைத் தேடி வரும். அல்லியிலை முடிந்து தண்ணீர் கறுக்கிற விளிம்பில் புழுவை இறக்க வேண்டும். ஒன்று அகப்பட்டால் இடத்தை மாற்றாமல் உடனே திரும்பப் போட வேண்டும்.

தேத்தண்ணி நிறத்தில் இருந்த அந்த ஏரியை ஒரு காலை முழுவதும் சுற்றிப் பார்த்து, மேற்கே சரிந்து இறங்கும் ஒரு பாறையைக் கண்டுபிடித்தேன். இடப்பக்கம் அல்லி, வலப்பக்கம் கறுப்புத் தண்ணீர். மாமா முணுமுணுத்துக்கொண்டு அங்கே நடந்துவந்தார். பத்து நிமிடத்தில் மிதப்பு சாய்ந்து வழுக்கிக்கொண்டு போனது. அன்று ஆறு மீன். அதற்குப் பிறகு அவர் என் சொல்லை மீறவில்லை, ஜூலைக் கடைசியில் ஒரு நாள் வரை.

அதற்கு முந்தின இரண்டு கிழமையும் நெருப்பு வெயில். மிதப்பு கண்ணாடியில் வைத்ததுபோல் நிற்கும். ஒன்று அல்லது இரண்டு மீன்தான் வந்தது. அன்று காலை யன்னலைத் திறந்தபோது தென்மேற்கிலிருந்து முகில் வந்து காட்டை மூடியிருந்தது. காற்று மெல்லியது, எங்கள் பாறையை நோக்கி அடித்தது. புத்தகத்தை எழுதியவரே வந்திருந்தாலும் வேறு நாள் கேட்டிருக்கமாட்டார்.

மாமா தலைமுழுகி ஈர முடியோடு வந்தார். நெற்றியில் மூன்று கோடு திருநீறு. மாறினவர் எப்படித் திருநீறு பூசுவார் என்று யோசித்தேன். முந்தின வெள்ளிக்கிழமை அவர் திடீரென்று கோயிலுக்குள்ளும் வந்திருந்தார். என் முடிவு ஆட்டம் காணத் தொடங்கியது.

பாறையில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு புழு குத்தினார். வழக்கத்தில் அதை என்னிடம் பிடிக்கச் சொல்லித் தொந்தரவு கொடுப்பவர். மிதப்பு விழுந்தது. அதைச் சுற்றிக் குஞ்சு மீன்கள் தண்ணீரிலிருந்து தெறித்தன. கீழே அபோர் துரத்துகிறது என்று அதற்கு அர்த்தம். மிதப்பு அசையவில்லை. அரை மணித்தியாலம் அசையவில்லை.

"புழு இருக்கோ எண்டு பாருங்கோ மாமா."

"இருக்கு."

"தூக்கிப் பாருங்கோ."

"பேசாமலிரு பிள்ளை. மீன் கலையும்."

காற்று மிதப்பை அல்லிக்குள் தள்ளிச் சிக்கவைத்தது. அதை எடுக்க மாமா தடியை என்னிடம் தந்துவிட்டு ஓரத்துக்கு இறங்கினார். அவர் போய்ச் சேரும் முன் நான் இழுத்துவிட்டேன். மிதப்பு வந்தது, ஈயக் குண்டு வந்தது. அதற்குக் கீழே ஒரு முடிச்சு. அவ்வளவுதான்.

"மாமா, முள்ளு இல்லை."

"அறுந்து போச்சுதாக்கும்."

"அறுந்தால் நுனி சுருண்டிருக்கும். இது முடிச்சுப் போட்டு வெட்டின நுனி."

"நீயென்ன பொலிசோ?"

"வேறை முள்ளுக் கட்டுங்கோ."

"முள்ளு டப்பாவை வீட்டை விட்டிட்டு வந்திட்டன்."

"உங்கடை பொக்கெற்றுக்கை இருக்கு."

அவர் சட்டைப்பையைத் தொட்டுப்பார்த்தார். டப்பா கலகலத்தது. "அது வெறும் டப்பா" என்றார்.

பிறகு பாறையில் உட்கார்ந்தோம். நான் சீஸ் வைத்த பாண் துண்டுகளை எடுத்தேன். அவர் பங்கை நீட்டினேன். தன் பங்கையும் என் பங்கில் பாதியையும் தின்கிற மாமா வேண்டாம் என்றார்.

"வருத்தமோ மாமா?"

"இல்லை, விரதம்."

"என்ன விரதம்?"

"ஆடி அமாவாசை."

சொல்லிவிட்டு என் முகத்தை உற்றுப் பார்த்தார். என் முகத்தில் ஒன்றும் இருந்திருக்காது. நான் இங்கே பிறந்த பிள்ளை. விரதங்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது, எந்த நாளில் வீட்டில் கோழி இல்லை என்பது மட்டும்தான். அவர் நிம்மதியாக மூச்சு விட்டார். என் சந்தேகத்தைக் கூட்டியது அந்த மூச்சுத்தான்.

"இதுகளை வீட்டை போய்க் கதைக்கத் தேவையில்லை. அம்மா யோசிப்பா" என்றார்.

வீட்டில் அம்மா மீனை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். மாமா கட்டிலுக்கு எட்டி நின்றுகொண்டு, "சரியான வெயில் அக்கா. மீனெல்லாம் ஆழத்துக்குப் போட்டுது" என்றார். அவருக்குப் பின்னால் யன்னலில் மழை தொடங்கியிருந்தது.

"பரவாயில்லைத் தம்பி. முட்டை கிடக்கு."

"இவள் காட்டின இடமும் சரியில்லை."

அதை அவர் சொல்லாமல் விட்டிருக்கலாம். மற்றதையெல்லாம் நான் கொப்பியோடு வைத்திருந்திருப்பேன். அந்தப் பாறை என்னுடையது. அவர் வெறும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வேலைக்குப் போனார். அப்பாவும் வேலையில். கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் கொப்பியை எடுத்துக்கொண்டு கட்டிலருகில் போய் நின்றேன்.

முகில், காற்று, குஞ்சு மீன் எல்லாம் வாசித்தேன். முள் இல்லாத தூண்டிலைச் சொன்னேன். டப்பா கலகலத்ததைச் சொன்னபோது அம்மா சிரித்தார்.

"சோம்பேறி. முள்ளுக் கட்டப் பஞ்சிப்பட்டிருப்பான்."

"அம்மா, வேதத்துக்கு மாறின ஆக்கள் ஆடி அமாவாசை பிடிப்பினமோ?"

"ஆர் மாறினது?"

"மாமா."

"அவன் எங்கை மாறினவன்? என்ன கதை இது? ஆர் அமாவாசை பிடிச்சது?"

"மாமாதான். இண்டைக்கு. பாணும் தின்னேல்லை."

அம்மாவின் முகத்தில் சிரிப்பு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

ஆடி அமாவாசை தகப்பனை இழந்தவர்கள் பிடிக்கும் விரதம். தகப்பன் உயிரோடு இருக்கிறவர்கள் பிடிப்பதில்லை. அன்று உயிர் எதையும் கொல்லமாட்டார்கள். செத்து ஒரு வருடம் கழிந்த பிறகுதான் விரதத்தைத் தொடங்க வேண்டும் என்று சொல்வோரும் உண்டு. மாமா பொறுக்கவில்லை. செத்த வீட்டுத் துடக்கு முப்பத்தொரு நாள், அதுவரை கோயிலுக்குள் போகக் கூடாது. மகன் மீசையை எடுப்பான். இதில் எதுவும் எனக்குத் தெரியாது. அம்மாவுக்கு எல்லாம் தெரியும்.

"அமாவாசை எண்டு அவன் சொன்னவனோ, நீயாய் நினைச்சனியோ?"

"அவர்தான் சொன்னவர்."

"மீசை எப்ப எடுத்தவன்?"

திகதியைச் சொன்னேன்.

"கோயிலுக்குப் போறவன்தானே?"

"நாலு வெள்ளி காருக்குள்ளை இருந்தவர். போன வெள்ளி உள்ளுக்கு வந்தவர்."

அம்மா விரலை மடித்தார். "என்ரை ஃபோனை அப்பா எப்ப எடுத்தவர்?"

"மீசை எடுத்த கிழமை."

எந்தக் கேள்விக்கும் நான் தடுமாறவில்லை. அதுவரை என்னை யாரும் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. ஒரு பெரிய விசாரணையில் முதல் சாட்சியாக நிற்பதுபோல் எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த கேள்விக்குக் கொப்பியை விரித்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"இண்டைக்கு எத்தினையாம் கிழமை?"

அது கொப்பியில் இல்லை. சமையலறைக்கு ஓடிப்போய்த் தாளைப் பார்த்துவந்தேன். "முப்பத்திரண்டு."

"முப்பத்திரண்டு" என்றார் அம்மா. இடப்பக்கமாகத் திரும்பிப் படுத்து, வயிற்றுக்குக் கீழே கையைக் கொடுத்து, யூர்மூர் பழக்கியதுபோல் மூச்சை மெதுவாக உள்ளே இழுத்து அதைவிட மெதுவாக வெளியே விட்டார். பல தடவை. குழந்தை உதைக்கிறது என்று நினைத்தேன். தண்ணீர் கேட்டார், முழுவதையும் குடித்தார்.

"நீ எனக்குச் சொன்னனீ எண்டு மாமாவுக்குச் சொல்லாதை. அப்பாவுக்கும் சொல்லாதை."

"அப்ப அவர் பொய் சொன்னதுக்கு?"

"சொல்லட்டும்."

அவ்வளவுதான் தீர்ப்பு. இத்தனை ஆதாரத்துக்கும் ஒரு தண்டனை இல்லை. கொப்பியை மூடிக்கொண்டு கோபமாக வெளியே வந்தேன். அறைக் கதவைச் சாத்திவிட்டுப் போகச் சொன்னார். சாத்தினேன்.

மறுநாள் மாமா முள்ளோடு வந்தார். வானம் வெளித்திருந்தது, காற்று திரும்பியிருந்தது, இருந்தும் பாறையில் ஐந்து மீன் வந்தன. நாலு இருபத்தைந்துக்குள். அம்மா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார். மாமா கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பிடி அக்கா?"

"நல்லாயிருக்கு. இன்னும் ஒண்டு வை."

கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. "உறைப்புக் கூடிப்போச்சு" என்று சேலைத் தலைப்பால் துடைத்தார். அந்த மீனுக்குத் தூள் போட்டது நான். அரைக் கரண்டி. மிஞ்சிய துண்டை எடுத்துக் கடித்துப் பார்த்தேன். உறைக்கவில்லை. அம்மாவும் பொய் சொல்கிறார் என்று அன்று முதல் தடவையாக எழுதினேன்.

அந்தக் கிழமை அப்பா வழக்கம்போல் யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கொடுத்தார். அங்கிருந்து சொன்னது எனக்கும் கேட்டது. ஐயா நித்திரை.

"எழுப்ப வேண்டாம்" என்றார் அம்மா. "நித்திரை கொள்ளட்டும்."

அதற்கு அடுத்த கிழமையும் அதையே சொன்னார். அப்பா தலையாட்டியபடி தொலைபேசியை வாங்கிக்கொண்டார். கதவில் இருந்த தாளில் கிழமைகள் ஒவ்வொன்றாக வெட்டுப்பட்டன. முப்பத்தைந்து, முப்பத்தாறு. அம்மா கொடுத்ததையெல்லாம் சாப்பிட்டார், சொன்னபோதெல்லாம் படுத்தார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. கேள்வி கேட்காத அம்மா எனக்குப் புதிதாக இருந்தார். முந்தியெல்லாம் மாமா ஏரியிலிருந்து வந்ததும் காற்று எப்படி, தண்ணி எப்படி என்று கேட்பவர்.

பள்ளி தொடங்கி மூன்று கிழமை கழித்து, முப்பத்தெட்டாவது கிழமையில், தம்பி பிறந்தான். இரண்டு கையும் இரண்டு காலும் பெரிய குரலும் இருந்தன. வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள் பின்னேரம் அப்பாவும் மாமாவும் அறைக்குள் போனார்கள். மாமா வேலைக்குப் போகவில்லை. மீசை திரும்ப வளர்ந்திருந்தது. என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். நான் கதவை முழுவதும் சாத்தவில்லை.

மாமா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்தார். "அக்கா, ஐயா போட்டார்" என்றார். ஜூனிலேயே போய்விட்டார் என்றும், தாங்கமாட்டாய் என்று பயந்து மறைத்ததாகவும் சொன்னார். அம்மா உடனே அழுதார். ஒரு நொடி திகைப்புக்கூட இல்லை. ஏற்கெனவே திறந்திருந்த ஒரு குழாயைப்போல அந்த அழுகை வந்தது. "தெரியாமல் இருந்திட்டனே" என்றார். மாமா அதைவிடப் பலமாக அழுதார். ஒன்றும் தெரியாமல் இருந்ததால்தான் பிள்ளை தங்கியது என்று அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மா ஓம் என்றார். மாமாவின் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

அப்போது மாமாவின் தோளுக்கு மேலால் கதவிடுக்கில் என்னைக் கண்டார். தலையை மெல்ல இடமும் வலமுமாக ஆட்டினார். அந்த முள் விஷயத்தை இப்போது அவிழ்க்காதே என்று சொல்வதாக விளங்கிக்கொண்டேன். எனக்கும் அது சரியென்று பட்டது. அவ்வளவு அழுகிற மனிதரை ஒரு தூண்டிலுக்காகக் காட்டிக்கொடுப்பது நியாயமில்லை.

கொப்பியில் அன்றைய திகதியைப் போட்டேன். அம்மப்பாவின் சாவை மாமா அம்மாவுக்குச் சொன்னார், பின்னேரம் நாலே கால் மணி, அறையில் மூன்று பேர் என்று எழுதினேன். அம்மா அந்தச் செய்தியை முதலில் யாரிடம் கேட்டார் என்று அன்று யாராவது என்னைக் கேட்டிருந்தால், அந்தப் பக்கத்தைத்தான் எடுத்துக் காட்டியிருப்பேன்.